கற்றுக்கொடுத்தவரிடமே குறை சொல்ல வேண்டியிருக்கிறது, எப்படிப் பேசுவது?

தையல்தளம்

வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் தையல் பிரிவின் மேலாளராக இருக்கிறேன். கைமடிக்கும் வேலையில் சேர்ந்து, டெய்லராகி, லைன் சூப்பர்வைசராகி இந்த இடத்துக்கு வந்தவள். துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கும் பிளாட்லாக் இயந்திரத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஓர் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். இன்றும் அதே தளத்தில் பிளாட்லாக் ஓட்டுகிறார், இப்போது எனக்குக் கீழே.

சில மாதங்களாக அவர் அடிக்கும் கீழ் மடிப்பில் குறை வருகிறது. நடுநடுவே தையல் விட்டுப்போகிறது. மடிப்பின் அகலம் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நிற்கிறது. செக்கிங் பெண்கள் அவர் மீதுள்ள மரியாதையால் வாய் திறப்பதில்லை. குறையுள்ள உருப்படிகளை வேறு டெய்லரிடம் கொடுத்துச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறார்கள். ஆல்ட்ரேஷன் மூட்டையை, அதாவது திருத்தத்துக்கு ஒதுக்கிய உருப்படிகளை, பிரித்து எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

பையர் (சரக்கை வாங்கும் கம்பெனி) தரப்பில் கடைசிச் சோதனைக்கு வருகிறவர்கள் 3,000 உருப்படி கொண்ட ஆர்டரில் 125-ஐ உருவிப் பார்ப்பார்கள். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் பெரிய குறை 7 வரை போகலாம். 8 ஆனால் மொத்தச் சரக்கும் நின்றுவிடும். ஒரே ஒருவரின் இயந்திரத்திலிருந்து வரும் குறை அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடும் நிலை.

முதலாளி, “ஒன்றும் சொல்லாமல் பேக்கிங்குக்கு மாற்றிவிடு” என்கிறார். இளம் சூப்பர்வைசர், “மெமோ கொடுத்துவிடலாம்” என்கிறார். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் நேரில் பேச விரும்புகிறேன். ஆனால் அண்ணன் முன்னால் நின்றால் வாய் எழவில்லை. எங்கே, எப்போது, எந்த வார்த்தையில் தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜவுளிக்கடை

சகோதரி, மதுரையில் துணிக்கடை நடத்துகிறேன். அப்பா காலத்துப் பணியாளர்கள் இன்னும் என்னிடம் இருக்கிறார்கள். வயதில் மூத்தவரிடம் முகத்துக்கு நேரே குறை சொல்வது நம் பக்கத்தில் சரிப்படாது. அவருக்கு நெருக்கமான, அவர் மதிக்கிற இன்னொரு பெரியவர் இருப்பார். அவர் காதில் விஷயத்தைப் போடுங்கள். அவர் பக்குவமாகச் சொல்லிக்கொள்வார். உங்கள் இருவருக்கும் முகம் முறியாது. என் கடையில் பல விவகாரங்கள் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

வார்ப்படக்காரன்

ஜவுளிக்கடை ஐயா சொல்வதில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் அதை நான் கடுமையாக மறுக்கிறேன். கோவையில் வார்ப்பட ஆலையில் மனிதவளப் பொறுப்பில் இருக்கிறேன். மூன்றாவது மனிதர் வழியாகப் போகும் செய்தி ஒருபோதும் போட்டபடி போய்ச் சேராது. “உங்கள் மடிப்பில் தையல் விடுகிறது” என்று இங்கே கிளம்பியது, “உன்னை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள்” என்று அங்கே போய் இறங்கும். அதற்கு மேல், தன் குறையை இன்னொருவர் அறிந்திருக்கிறார் என்பதே அந்த மனிதருக்கு இரண்டாவது அவமானம். தொழில் கற்றுக்கொடுத்தவருக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவரிடம் நீங்களே போய்ச் சொல்வது.

ஆனால் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குறை ஆளிடமா, இயந்திரத்திடமா? மெக்கானிக்கை அழைத்து ஊசியை மாற்றச் சொல்லுங்கள். லூப்பர் (அடிநூலைக் கோக்கும் கொக்கி) டைமிங், நூல் இழுவை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஷிப்டு மட்டும் இயந்திரத்தை மாற்றிப் பாருங்கள். அவர் வேறு பிளாட்லாக்கில், வேறொருவர் அவருடையதில், அதே துணி, அதே நூல். குறை இயந்திரத்தோடு நின்றுவிட்டால் நீங்கள் பேச வேண்டியது மெக்கானிக்கிடம். ஆளோடு போனால் மட்டுமே அண்ணனிடம். எங்கள் ஆலையில் மணலில் அச்சு செய்யும் மோல்டிங் பிரிவில் ஒருவரைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மணலின் ஈரப்பதத்தை அளந்து பார்த்தபோது அவர் பக்கம் ஒரு தவறும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒருவரை உட்காரவைத்துப் பேசுவது அநியாயம்.

நேரம்: சனிக்கிழமை வேண்டாம். சம்பளம் வாங்கும் நாளில் சொன்னால் கையிலிருக்கும் பணத்தோடு சேர்த்தே அவர் அதை எண்ணுவார். ஷிப்மெண்ட் நெருக்கும் நாளும் வேண்டாம். வேலை முடிந்து கிளம்பும் நேரமும் வேண்டாம். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார், இரவு முழுக்கத் தூக்கம் இருக்காது. வாரத்தின் நடுவே, காலைத் தேநீருக்குப் பிறகு, திரும்ப அவர் இயந்திரத்துக்குப் போய் உட்கார நேரம் மிச்சமிருக்கும்போது பேசுங்கள்.

இடம்: கண்ணாடி அறை வேண்டாம். தளத்தில் இருக்கும் அத்தனை பேரும் அவர் தலை குனிவதைப் பார்ப்பார்கள். சாம்பிள் பிரிவு காலியாக இருக்கும் நேரம் பாருங்கள். அவருக்கும் நாற்காலி போடுங்கள், எதிரே அல்ல, மேசையின் ஒரே பக்கத்தில். மேசை மேல் நான்கைந்து உருப்படிகள் இருக்கட்டும். இரண்டு பேரும் துணியைப் பார்த்துப் பேசலாம். முகத்தைப் பார்த்துக் குறை சொல்வதைவிட அது எவ்வளவோ எளிது, இருவருக்குமே.

தொடக்கம்: மகள் கல்யாணம், மழை, ஊர்த் திருவிழா என்று பத்து நிமிடம் சுற்றாதீர்கள். அவர் அனுபவசாலி. நீங்கள் கூப்பிட்ட விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு வயிற்றைப் பிசையும். “அண்ணா, உங்களிடம் ஒரு கஷ்டமான விஷயம் பேச வேண்டும். உங்கள் மடிப்பில் தையல் விட்டுப்போகிறது. துணியை எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.” இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பார்க்கும்வரை காத்திருங்கள்.

இரவுப்பணி

காத்திருப்பது என்று வார்ப்படக்காரன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மொத்தப் பேச்சிலும் கடினமான பகுதி அதுதான். நான் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர். ஒருவருக்கு மருந்து அளவு தவறிவிட்டால் அந்தச் செவிலியரிடம் நான்தான் பேச வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் ஓர் அமைதி வரும். அது தாங்க முடியாமல் பெரும்பாலான மேலாளர்கள் தாங்களே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். “பரவாயில்லை, பெரிய விஷயமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்” என்று சொன்னதைத் தாங்களே கரைத்துவிடுகிறார்கள். எதிரே இருப்பவருக்கு என்ன புரியும்? குறை உண்டா, இல்லையா என்றே தெரியாமல் எழுந்து போவார்.

அழுதால் தண்ணீர் கொடுங்கள், காத்திருங்கள். சொன்னதைத் திரும்பப் பெறாதீர்கள். அழுகை நின்ற பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கோபப்பட்டாலும் அதேதான்.

இன்னொன்று. நீங்கள் சொல்வதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் அதை நீங்கள் முடிவாகச் சொல்லிவிடக் கூடாது. “உங்களுக்குக் கண் தெரியவில்லை” என்று ஒரு டெய்லரிடம் சொல்வது, “உங்கள் தொழில் முடிந்தது” என்று சொல்வதற்குச் சமம். “மடிப்பைப் பார்ப்பதில் ஏதாவது சிரமம் இருக்கிறதா அண்ணா?” என்று கேளுங்கள். அவராகச் சொல்லட்டும். எந்த நிறத் துணியில், எந்த ஷிப்டில் குறை அதிகம் என்று முன்கூட்டியே பிரித்துப் பார்த்தீர்களா? கறுப்புத் துணியில், கறுப்பு நூலில், இரவில் மட்டும் அதிகம் என்றால் அதுவே ஒரு தகவல்.

எங்கள் வார்டில் நான் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது ஒன்று: நோயாளியின் உறவினர் முன்னால் எந்தச் செவிலியரையும் கடிந்துகொள்ள மாட்டேன், யாரையும் கடிந்துகொள்ள விடவும் மாட்டேன். முதலில் நோயாளியைக் கவனிக்க வேண்டும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும், நடந்ததை எழுத வேண்டும். பேச்சு அதற்குப் பிறகு, தனியாக. பயந்துபோன செவிலியர் அடுத்த முறை தவறை மறைப்பார். மறைத்தால் உயிர் போகும். உங்கள் செக்கிங் பெண்கள் இப்போது மறைப்பதும் அதே வகைதான், காரணம் பயம் அல்ல, அன்பு என்றாலும். அண்ணனிடம் பேசிய பிறகு அவர்களிடமும் பேசுங்கள்.

சங்கப்பணி

தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் நல்ல மனம் உள்ள மேலாளர் நாளை வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். தொழிலாளியின் கையில் மிஞ்சுவது காகிதம்தான். ஆகவே சில விஷயங்கள்.

பேக்கிங்குக்கு மாற்றச் சொல்கிறார் உங்கள் முதலாளி. பிளாட்லாக் டெய்லர் சம்பளமும் பேக்கிங் சம்பளமும் ஒன்றல்ல. ஒருவருடைய சம்பளத்தைக் குறைக்கும் மாற்றத்தை ஒரே நாளில் செய்ய முடியாது. 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்தது, புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. “ஒன்றும் சொல்லாமல் மாற்றிவிடு” என்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, சட்டத்துக்கும் புறம்பாகிவிடும்.

ஆல்ட்ரேஷனுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அபராதம் என்ற பெயரில் போட்டால் அந்தச் சம்பள காலத்தின் கூலியில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இழப்பு என்று சொல்லிப் பிடித்தாலும், முதலில் அவருடைய விளக்கத்தைக் கேட்டாக வேண்டும்.

மெமோவைப் பற்றி: மெமோ கெட்ட வார்த்தை அல்ல. தவறான இடத்தில் வரும்போதுதான் அது கெட்டது. கை தளர்ந்துபோனது குற்றம் இல்லை. வேண்டுமென்றே செய்ததும், பலமுறை சொல்லியும் கேட்காததும் வேறு. ஒழுங்கு நடவடிக்கை என்று தொடங்கினால் குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கம், விசாரணை என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த வண்டியில் இந்த அண்ணனை ஏற்றாதீர்கள்.

கடைசியாக, எந்தக் காரணத்துக்காகவும் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். யார் கேட்டாலும்.

கணினிமேசை

சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். என் சிக்கல் கொஞ்சம் வேறு. ஆண்டு மதிப்பீட்டில் என் குழுவில் யாராவது ஒருவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்று மேலே இருந்து வருகிறது. நான் முடிவெடுக்காத ஒன்றை நான் போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் வீடியோ அழைப்பில். “மேலிடத்து முடிவு” என்று சொல்வதா, நானே எடுத்த முடிவு போலச் சொல்வதா?

வார்ப்படக்காரன்

இரண்டும் வேண்டாம். மேலிடத்தைக் கைகாட்டினால், “பிறகு உன்னிடம் பேசி என்ன பயன்?” என்று அவருக்குத் தோன்றும், நியாயம்தான். உங்கள் முடிவு போல நடித்தால் அது பொய். “ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள் உங்கள் பெயரை நான் கொடுத்தேன். காரணம் இவை” என்று உங்கள் கையால் நடந்த பங்கை மட்டும் சொல்லுங்கள். அந்தக் காரணங்களை ஆண்டு நடுவிலேயே அவர் கேட்டிருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் முதன்முறையாகக் கேட்கிறார் என்றால், பேச வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது.

வீடியோவில் பேசுவதானால் கேமராவை அணைக்காதீர்கள். பேச்சு முடிந்த உடனே அவருக்கு வேறு கூட்டம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதிக்கணக்கு

நானும் திருப்பூர்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது எங்களிடம் இருந்த அமெரிக்க ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கப்பட்டன. ஒன்றரை ஷிப்டு ஓடிய தளம் ஒரு ஷிப்டுக்கு வந்தது. பிறகு வாரத்தில் சில நாள் வேலையே இல்லை. இதை ஆட்களிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

அப்போது நான் கண்ட ஒன்றை மட்டும் இங்கே வைக்கிறேன். வேலை குறைகிறது என்ற செய்தியால் வந்த கோபத்தைவிட, யாரும் எதுவும் சொல்லாமல் இருந்த நாட்களில் இருந்த கோபம்தான் பெரிது. தேநீர்க் கடையில் கேள்விப்படுவதை வைத்துத்தான் ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லைன் வாரியாக நிறுத்தி, “இந்தத் தேதி வரை இத்தனை நாள் வேலை உண்டு. வேலை இல்லாத நாளுக்கு இவ்வளவு தருவோம். அடுத்த தகவலை இந்த நாளில் சொல்கிறேன்” என்று சொன்ன பிறகு சத்தம் குறைந்தது. 50 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் ஆலையில், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு வேலையில்லாத நாளுக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் பாதி தர வேண்டும் என்பது சட்டம். அது சலுகை அல்ல என்பதையும் அவர்களிடம் சொன்னேன். அலுவலகத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கடன் தவணை கட்டுகிறவருக்குத் தேதியும் தொகையும் தெரிந்தாக வேண்டும். “பார்க்கலாம், சரியாகிவிடும்” என்ற ஆறுதலை வைத்து அவர் தவணை கட்ட முடியாது.

அடுத்த தகவல் எதுவும் இல்லாத நாளிலும் சொன்ன நாளில் போய் நின்று, “புதிதாக ஒன்றும் இல்லை” என்று சொன்னேன். அதைத்தான் அவர்கள் மதித்தார்கள்.

விடுதிக்காப்பாளர்

தொழிலாளர் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள். உங்கள் எல்லோருடைய யோசனையும் இருவருக்கும் ஒரே மொழி என்ற அடிப்படையில் நிற்கிறது. எங்கள் பக்கம் அப்படி இல்லை.

மேலாளர் தமிழில் சொல்வார், ஒப்பந்ததாரரின் ஆள் இந்தியில் மொழிபெயர்ப்பார். அந்தப் பிள்ளைக்கு ஒடியாவோ சந்தாலியோதான் தாய்மொழி, இந்தி அரைகுறை. மேலாளர் நான்கு வாக்கியம் பேசினால் அவர் ஒரு வாக்கியத்தில் முடிப்பார். பிள்ளை தலையாட்டும். “புரிந்துகொண்டாள்” என்று எழுதிக்கொள்வார்கள். இதில் பெரிய கோளாறு, மொழிபெயர்ப்பவரே அந்தப் பிள்ளையின் கமிஷனில் பங்குள்ளவர் என்பது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ சம்பளப் பிடித்தத்தைப் பற்றியோ அவள் ஏதாவது சொன்னால் அது மேலாளர் காதுக்குப் போகாது.

ஆகவே அதே மாநிலத்திலிருந்து வந்து இங்கே சில ஆண்டுகளாக இருக்கும், தமிழ் பேசக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணை அழைத்து உட்காரவையுங்கள். ஒப்பந்ததாரரின் ஆளை வெளியே இருக்கச் சொல்லுங்கள். பேசி முடித்த பிறகு, “என்ன புரிந்தது, நீ சொல்” என்று அவளையே சொல்ல வையுங்கள். தலையாட்டலைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிள்ளை மூன்று நாள் வேலைக்கு வரவில்லை என்று கடிந்துகொள்ள வந்தார்கள். இப்படி உட்காரவைத்துக் கேட்டபோது, ஊரில் தம்பி இறந்துபோன செய்தி வந்து அவள் யாரிடமும் சொல்லத் தெரியாமல் கட்டிலில் கிடந்தாள் என்பது வெளியே வந்தது.

தையல்தளம்

எல்லோருக்கும் நன்றி. பேசிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மெக்கானிக்கை வைத்து இயந்திரத்தைப் பார்த்தோம். லூப்பரில் சிறிய தேய்மானம் இருந்தது, மாற்றினோம். குறை ஓரளவு இறங்கியது, நிற்கவில்லை. இயந்திரத்தை மாற்றிப் பார்த்தபோதும் அவருடைய உருப்படிகளில் மட்டும் தையல் விட்டது. இரவுப்பணி அக்கா சொன்னபடி நிறம் வாரியாகப் பிரித்தேன். வெள்ளையிலும் மஞ்சளிலும் ஏறக்குறைய இல்லை. கறுப்பும் கருநீலமும்தான், அதிலும் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஓடும் அரை ஷிப்டில்.

சாம்பிள் அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நேராகச் சொன்னேன். முதலில் கோபம்தான் வந்தது. “உனக்கு ஊசி கோக்கக் கற்றுக்கொடுத்தது யார்?” என்றார். “நீங்கள்தான் அண்ணா, அதனால்தான் வேறு யாரையும் அனுப்பாமல் நானே வந்தேன்” என்றேன். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கறுப்பு டி-ஷர்ட்டை எடுத்து மடிப்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். கண்ணால் பார்க்கவில்லை, விரலால்தான் தேடினார். தையல் விட்ட இடத்தில் விரல் நின்றது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “கறுப்பில் தெரிவதில்லை, கொஞ்ச நாளாகவே” என்று அவரே சொன்னார்.

லூப்பர் தேய்ந்திருந்ததையும் சொன்னேன். அது முக்கியம் என்று நினைக்கிறேன். அவருடைய பங்கு எது, கம்பெனியின் பங்கு எது என்று பிரித்துச் சொன்ன பிறகுதான் அவர் குரல் இறங்கியது.

முதலாளியிடம் முன்பே பேசி, நான் என்னென்ன தர முடியும் என்று உறுதி செய்துகொண்டு போயிருந்தேன். இயந்திரத்தில் கூடுதல் எல்.இ.டி. விளக்கு, கண் பரிசோதனைக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகச் சம்பளத்துடன் விடுப்பு, கண்ணாடி வரும்வரை வெளிர் நிறத் துணி மட்டும், சம்பளத்தில் மாற்றம் இல்லை. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்புக்கு வருகிறீர்களா என்றும் கேட்டேன். அதை மறுத்துவிட்டார். “இயந்திரத்தை விட்டு எழுப்பாதே” என்றார். சரி என்றேன்.

கண்ணாடி வந்துவிட்டது. குறை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். முன்பு என்னைப் பெயர் சொல்லி, வா போ என்று கூப்பிடுவார். இப்போது “மேடம்” என்கிறார். எனக்கு வலிக்கிறது. இதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரவுப்பணி

எதுவும் செய்யாதீர்கள். நீங்கள் “அண்ணா” என்றே கூப்பிட்டுக்கொண்டிருங்கள். அவர் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். போய்ச் சமாதானம் கேட்டால், நீங்கள் சொன்னதே தவறு என்பது போல ஆகிவிடும். சொன்னது தவறு இல்லை.

ஜவுளிக்கடை

படித்தேன் சகோதரி. இந்த விஷயத்தில் நீங்கள் நேரே போனதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். இன்னொருவரை அனுப்பியிருந்தால் அந்த லூப்பர் விஷயமும் கண் விஷயமும் வெளியே வந்திருக்காது.

என்னிடம் ஒரு வழக்கு இருக்கிறது, யோசனை சொல்லுங்கள். கடையின் இரவுக் காவலர் சில நாள் குடித்துவிட்டு வருகிறார். நல்ல மனிதர், பழைய ஆள். வாசனை வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. அங்கேயே பிடித்துக் கேட்கத் தோன்றுகிறது.

வார்ப்படக்காரன்

அந்த இரவில் எதுவும் கேட்காதீர்கள். குடித்திருப்பவரிடம் பேசுவது பேச்சே அல்ல. காலையில் அவருக்குப் பாதி நினைவிருக்காது, உங்களுக்கு வாயில் வந்த வார்த்தை மட்டும் மிஞ்சும். வேறு ஆளைக் காவலுக்கு வைத்துவிட்டு அவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புங்கள். தனியாக நடந்தோ வண்டியிலோ போக விடாதீர்கள்; வழியில் ஏதாவது நடந்தால் அந்தப் பழி வேறு. மறுநாள் பகலில், தெளிவாக இருக்கும்போது கூப்பிடுங்கள். “நேற்று நீங்கள் குடித்துவிட்டு வந்தீர்கள், திருப்பி அனுப்பினேன். குடித்துவிட்டு வந்தால் காவல் வேலை கிடையாது. இது மறுபடி நடந்தால் எழுத்தில் நடவடிக்கை வரும்” என்று சொல்லுங்கள். வீட்டுக் கதையைக் கேளுங்கள். ஆனால் கேட்டுவிட்டு நிபந்தனையைத் தளர்த்தாதீர்கள். சிகிச்சைக்குப் போகிறேன் என்றால் விடுப்பு கொடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

அவர் மனைவியிடம் போய்ச் சொல்லாதீர்கள். நம் ஊரில் அதை உதவி என்று நினைத்துச் செய்கிறோம். அவர் வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாது.

கணினிமேசை

இன்னொரு கேள்வி. என் குழுவில் ஒரு பெண், வேறு குழுவில் இருப்பவர் தன்னிடம் தவறாகப் பேசுகிறார் என்று என்னிடம் சொன்னார். “யாரிடமும் சொல்லாதீர்கள், நீங்களே அவரிடம் பேசி நிறுத்துங்கள்” என்கிறார். இதுவும் மேலாளர் பேசித் தீர்க்கக்கூடியதா?

இரவுப்பணி

இல்லை. இதில் நீங்கள் பஞ்சாயத்து செய்யக் கூடாது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மூத்த பெண் ஒருவர் தலைமையில், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். சமரசம் என்பது அந்தப் பெண் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

அவரிடம் நீங்கள் பேச வேண்டியது இது: “நீங்கள் சொன்னதை நம்பிக் கேட்டுக்கொண்டேன். குழு என்று ஒன்று இருக்கிறது. போனால் உங்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். போவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.” அந்த ஆளிடம் நீங்களாகப் போய்ப் பேசினால் அவர் உஷாராகிவிடுவார், சாட்சி கலையும், அந்தப் பெண்ணுக்குத்தான் தொல்லை கூடும்.

சங்கப்பணி

தையல்தளம் தோழருக்கு ஒரு கேள்வி. அண்ணனிடம் பேசியதைப் பற்றிப் பதிவு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? சம்பளத்தில் மாற்றம் இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொன்னீர்களா, எழுத்தில் இருக்கிறதா? நாளை நீங்கள் அந்த நாற்காலியில் இல்லையென்றால் அவரிடம் என்ன இருக்கும்?

தையல்தளம்

எழுத்தில் இருக்கிறது தோழர். பேச்சு முடிந்த அன்றே ஒரு பக்கம் எழுதினேன். தலைப்பில் மெமோ என்றோ எச்சரிக்கை என்றோ போடவில்லை, “பேசிக்கொண்டவை” என்று மட்டும் போட்டேன். கறுப்பு, கருநீல உருப்படிகளின் கீழ் மடிப்பில் தையல் விட்டுப்போவது பற்றிப் பேசினோம். கூடுதல் விளக்கு பொருத்தப்படும். கண் பரிசோதனைக்குச் சம்பளத்துடன் விடுப்பு. கண்ணாடி வரும்வரை வெளிர் நிறத் துணி. பணி பிளாட்லாக் டெய்லர் என்பதிலும் சம்பளத்திலும் மாற்றம் இல்லை. இவ்வளவுதான்.

அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்து முழுக்க வாசித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, “லூப்பர் மாற்றியதை எழுதவில்லையே” என்றார். சேர்த்தேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், இன்னொன்று அவருடைய கோப்பில் இருக்கிறது. முதலாளியின் கையெழுத்தும் அதில் வாங்கிவிட்டேன்.